வெந்த கிழங்கில் ஏறிய தண்ணீர்

உருளைக்கிழங்கு தண்ணீர் குடிக்கும் என்று சயின்ஸ் டீச்சர் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. கிழங்கின் தலையில் குழி தோண்டி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்தால் குழிக்குள் மட்டம் ஏறுமாம். கிழங்கின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரை உள்ளே விடும், சர்க்கரையை வெளியே விடாதாம். நன்றாகச் செய்துவரும் ஒருத்தியை ஊட்டியில் நடக்கும் கண்காட்சிக்கு அழைத்துப்போவதாகவும் சொல்லிவிட்டார். எங்கள் ஊரான ஜெகதளாவைத் தாண்டியறியாத எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அம்மா எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் என்னைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் தங்கைதான். அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். பச்சைக் கிழங்கைக் குடைந்தால் நான் கையைக் கிழித்துக்கொள்வேன் என்று பயந்து, நல்லதாக ஒன்றை வேகவைத்துக் கொடுத்தாள். குழி தோண்டி, மட்டத்துக்கு ஒரு குண்டூசி குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதன் முன்னால் தவம் கிடந்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. அழுதுகொண்டே வெளியே போய்த் திரும்பினால், குழி ததும்பி நின்றது.

மறுநாள் டீச்சர் கிழங்கை விரலால் அழுத்தினார். மாவாக உதிர்ந்தது. வெந்தால் சவ்வு செத்துப்போகும், தண்ணீர் ஏறவே ஏறாது என்றார். ஏறியதை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சாதித்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்த நாள் அத்தையும் என்னோடு பள்ளிக்கு வந்தாள். வராந்தாவில் டீச்சரிடம் அவள் சொன்னதை, பல வருஷம் கழித்து டீச்சரே என்னிடம் சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளமேல தப்பில்லீங்க. அது அழுவறதப் பாக்கமாட்டாம நாந்தான் ஒரு கரண்டி ஊத்திப்போட்டனுங்க."

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இன்னொரு முறை செய்துவர அனுமதி கிடைத்தது என்பதுதான். இந்தத் தடவை பச்சைக் கிழங்கை அத்தையே குடைந்தாள். அவள் விரலில் துணி சுற்றியிருந்தது. சாயங்காலம் பார்த்தபோது தண்ணீர் குண்டூசிக்கு மேலே ஒரு நெல்லளவு ஏறியிருந்தது. அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இது சரியில்லத்தை. போன கெழங்குதான் நல்லாக் குடிச்சுது."

"ஆமாங் கண்ணு" என்ற அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். எதற்கு அப்படிச் சிரித்தாள், சிரித்தவள் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அந்தக் கஞ்சக் கிழங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.