மூன்று தரம் மறுக்கிற வழக்கம்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயில் சபையோ விளையாட்டுக் கழகமோ, தலைவராக இருக்கச் சொல்லி யாராவது கேட்டால் உடனே ஓம் என்று சொல்லிவிடக் கூடாது. முதல் தரம் நேரமில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம், என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்களே என்று சுற்றிவரப் பார்க்க வேண்டும். மூன்றாம் தரம் கேட்கும்போது, இத்தனை பேர் வற்புறுத்தினால் நான் என்ன செய்வது என்ற முகத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் தரமே தலையாட்டுகிறவனுக்குப் பதவிக்கு அலைகிறவன் என்று பெயர் வந்துவிடும். இந்த வழக்கத்தை நான் பிசகாமல் கடைப்பிடித்தவன். அதனால் பத்து வருடம் ஒரு நண்பனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் தென் லண்டனில் ஒரு பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் அவனும் இருந்தோம். அவனும் யாழ்ப்பாணம்தான், ஆனால் பழகியது லண்டனில். இரண்டு கட்டில், ஒரு ஹீட்டர், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கோட் சூட். எனக்குக் காற்சட்டை கட்டை, அவனுக்குக் கோட்டின் கை நீளம். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து யார் பிந்தி வந்தாலும், மற்றவன் சோறு போட்டு மூடி வைத்திருப்பான்.

சனிக்கிழமைகளில் கன்டீனுக்கு மேலே இருந்த அறையில் தமிழ் மாணவர் சங்கம் கூடும். அது இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஊரில் சண்டை. வீட்டிலிருந்து கடிதம் வந்தால் வந்தது, வராவிட்டால் வராது. நான் இரண்டு வருடம் செயலாளர். கலைவிழாவுக்கு மண்டபம் பிடிப்பது, புதிதாக வந்தவனுக்கு அறை தேடிக் கொடுப்பது, நடனமாடும் பெண்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவோம் என்று தகப்பன்மாருக்குப் போனில் வாக்குக் கொடுப்பது எல்லாம் என் வேலை. எவனிடம் எதைச் சொன்னால் நடக்கும், எவனிடம் சொன்னால் நடக்காது என்று கண்ணைப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். படிப்புத்தான் தேறவில்லை. இரண்டு பாடத்தில் பெயில் என்று ஒரு கடிதம் வந்தது. ஒருவருக்கும் காட்டாமல் எங்கேயோ ஒளித்து வைத்தேன். எங்கே வைத்தேன் என்பதையே பிறகு மறந்துபோனேன்.

அடுத்த தலைவர் நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைவர் உரையை மெல்லப் பேசிப் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் பழைய தலைவர் என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்த வருசம் நீர்தான் எடுக்க வேணும்" என்றார்.

"ஐயோ அண்ணை, எனக்கு நேரமில்லை, ஏலாது. வேற ஆரையும் போடுங்கோ" என்றேன்.

அவர் இரண்டாம் தரம் கேட்கிறதற்காக வாயைத் திறந்தார். நானும் அதற்கான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் என் பக்கத்துக் கதிரையில் இருந்த என் அறை நண்பன் கையைத் தூக்கினான். "அவருக்கு ஏலாதாம் அண்ணை. ஓமெண்டால் நான் செய்யிறன்."

பிறகு யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். செயலாளர் என்ற முறையில், 'ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்' என்று அறிக்கையை எழுதியதும் நான்தான்.

திரும்பி வரும்போது, "கோவமே மச்சான்?" என்று கேட்டான்.

"எனக்கென்ன கோவம்?" என்றேன். அவன் அதோடு விட்டுவிட்டான். இன்னொரு தரம் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், அழுதும் இருப்பேன். அடுத்த மாதமே ஷிப்டுக்குக் கிட்ட என்று ஒரு சாட்டுச் சொல்லி மிச்சம் என்ற பகுதியில் ஒரு அறைக்குப் போனேன். சூட்டை அவனுக்கே விட்டுவிட்டேன். சங்கத்துக்கும் போகவில்லை. போக வேறு இடம் இல்லாததால் நூலகத்தில் கிடந்தேன், அந்த வருடம் எல்லாப் பாடமும் பாஸாகியது.

அவன் அந்தச் சூட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனான். சங்கத்தை எப்படி நடத்தினாய் என்பதைப் பற்றித்தான் முக்கால்வாசி நேரமும் கேட்டார்களாம், வேலையும் கொடுத்தார்களாம். சில வருடங்களில் அவனுக்குக் கீழே நாற்பது பேர். அவனோடு கமிட்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் மாப்பிள்ளைத் தோழன், ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் மாமா. அவனுடைய கலியாணத்துக்கு நானும் போனேன். பின்வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எனக்குக் கவுன்சில் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயும் கூட்ட அறிக்கை எழுதுகிற வேலைதான். ஒரு தரம் மேலாளர் பதவி வெறுமையானபோது, எங்கள் பகுதிக்குப் பெரியவளான வெள்ளைக்காரி என் மேசைக்கு வந்து விண்ணப்பிக்கவில்லையா என்று கேட்டாள். நான் அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுவலகத்தில் விடைபெற்றால், திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் இருந்தன. கடையில் பாண் வாங்கும்போது சொல்லும் நன்றி மட்டும்தான் பேச்சு. சமைத்தால் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பின்னேரம் போன் அடித்தது. அவன்தான்.

"மச்சான், அடுத்த கிழமை அவுஸ்திரேலியாவுக்குப் போறன். இனி அங்கதான். மனிசியும் பிள்ளையளும் முதலே போட்டினம்."

வாழ்த்துச் சொன்னேன். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் பத்து வருடம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "அண்டைக்கு அண்ணை என்னை ரெண்டாந்தரம் கேக்க வெளிக்கிட்டவர். நீ ஏன் விடேல்லை?"

"நீ பெயிலான கடிதம் கோட்டுப் பொக்கெற்றுக்க கிடந்தது" என்றான். "இன்னொருக்காப் பெயிலானால் விசா தராமல் உன்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு எனக்குப் பயம். நீ வேண்டாமெண்டதும் அப்பாடா எண்டிருந்தது. எனக்கும் ஆசை இருந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நீ வேண்டாமெண்டு சொன்னதை நான் நம்பினன். உன்ர சொல்லை நான் எப்பவும் நம்பிறனான்."

அந்த வருடம் நான் பாஸாகியது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பத்து வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது என்றும் இருந்தது.

"சனிக்கிழமை வந்து என்னோட நில்லன்" என்றான் அவன். "வெறும் வீடு. அந்த நேரம் மாதிரி ரெண்டு பேருமாச் சமைச்சுச் சாப்பிடுவம்."

போக வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. எந்த பஸ், எங்கே மாறுவது என்றுகூட மனம் கணக்குப் போட்டுவிட்டது. வாய்தான் தன்பாட்டில் சொன்னது: "வேண்டாமடா, பயணம் போற நேரத்தில உனக்கேன் கரைச்சல்."

சொல்லிவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், இன்னொரு தரம் கேட்பான் என்று.

"சரி மச்சான்" என்றான். என் சொல்லை அவன் நம்பிவிட்டான்.