பிரிக்காத பெட்டி

ஐம்பதுகளில் ஓசூரில், ஆஸ்பத்திரிகளுக்கு மைக்ராஸ்கோப் விற்கும் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு எழுதினேன். கருவியைப் பொருத்தி, டாக்டர் அதில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் விற்பனை என்று எழுதுவோம்.

ஒரு மார்ச் கடைசியில், காவேரிப்பட்டினம் டாக்டருக்கு மதராஸிலிருந்து வந்த பெட்டி சாமல்பட்டி ஸ்டேஷனிலேயே கிடந்தது. முதலாளி பேங்கில் கடன் கேட்டிருந்தார்; அந்த வருஷ விற்பனையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

“வித்தாச்சுன்னே எழுதிடுங்க” என்றார்.

“டாக்டர் இன்னும் பெட்டியையே பாக்கலீங்களே.”

“அடுத்த வாரம் பாக்கத்தானே போறாரு?”

எழுதிவிட்டேன்.

கணக்கில் முடிந்த வேலைக்கு மெக்கானிக்கை அனுப்ப யாரும் அவசரப்படவில்லை. நானும் நினைவூட்டவில்லை. மூன்று வாரம் கழித்து டாக்டரே பஸ் ஏறி வந்தார்.

“காசநோயான்னு சளியைப் பாக்க ஒருத்தரைக் காக்க வெச்சிருந்தேன். நேத்து செத்துட்டாருங்க” என்றார்.

முதலாளியின் கண் முன்னாலேயே கணக்கில் அந்த விற்பனை வரியை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. மறுநாள் மெக்கானிக்குடன் நானே போய்ப் பெட்டியை எடுத்துக் காவேரிப்பட்டினத்தில் சேர்த்தேன்.

டாக்டர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்திட்டார். நான் கை நீட்டினேன்; தாளை மெக்கானிக்கிடம் கொடுத்தார்.