தரை வழியே வந்த தவில்

சுக்குப் பொடியின் வாசனை... கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு காலத்தில் காற்றே அதுதான். கீழே மசாலாக் கிடங்கு, மேலே நாங்கள், நடுவில் பலகைத் தரை. வாசனை பலகை இடுக்கு வழியாக ஏறி வரும். கீழே மூட்டையைப் போட்டால் மேலே தரை லேசாக அதிரும்.

ஹோம் தியேட்டருக்கு சப்வூஃபரைக் கடையில் வாங்கலாமா, நாமே செய்யலாமா என்று நம் குழுவில் விவாதம் ஓடுகிறது. எங்கள் வீட்டுக்கு இரண்டும் வந்திருக்கின்றன. ஆனாலும் யோசனை சொல்லும் துணிச்சல் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. என் மனைவி செல்லத்துக்குக் காது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நரம்புக் கோளாறு, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதில் வைக்கும் மெஷின் வெறும் இரைச்சலைத்தான் கொடுத்தது. பாட்டு இல்லாமல் அடுப்பு பற்றவைக்காதவள், ஒரு நாள் ரேடியோவைத் துடைத்துத் துணி போட்டு மூடினாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மாலை அரிசி களைந்துகொண்டே, "கீழே மூட்டை இறக்கறாங்க" என்றாள். எனக்கே அந்தச் சத்தம் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று சைகையில் கேட்டேன். தன் வெறும் காலைக் காட்டினாள்.

அன்றே முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான்... எனக்கு ஒரு குடை வாங்கவே வாரக்கணக்கு ஆகும்.

காதுக்கு எட்டாத பாட்டு காலுக்கு எட்டுமா என்று பார்க்க எர்ணாகுளம் போனேன். ஒரு கடையில், கனத்த ஓசையை அதிரவைக்கும் சப்வூஃபரைப் போட்டுக் காட்டினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றேன். விற்பனைப் பையன் ஒரு நிமிஷம் பார்த்தான்.

"சாரே, இது அம்பலம் ஒண்ணுமில்ல. செருப்பு போட்டுக்கோ."

கோயிலில் நிற்பதுபோல் நின்ற என்னைப் பார்த்துக் கடை முழுக்கச் சிரித்தது. என் காலுக்கு எதுவும் வரவில்லை. குறை பெட்டியிலா, அந்த சிமென்ட் தரையிலா? கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். கடைசியில், ஸ்பீக்கர் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்படி நாமே ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது. காலேஜில் படித்த பிசிக்ஸ் அதற்காவது உதவட்டும்.

பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போர்டு, கனமான பிளைவுட். பெட்டியின் கொள்ளளவைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். கிடங்கு முற்றத்தில் வைத்து அறுத்தேன், ஒட்டினேன், திருகினேன். எல்லாவற்றையும் அளந்தேன்...

மாடிப்படியை மட்டும் அளக்கவில்லை.

படி திரும்பும் இடத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேல்படியில் நின்று செல்லம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கிடங்குச் சுமைக்காரர்களின் தலைவர் பரீத் இக்கா வந்து பார்த்தார்.

"சாரே, இது ஆருக்கு சவப்பெட்டி?"

"பாட்டுப் பெட்டி, இக்கா."

"அப்போ பாடற ஆளு உள்ளே உண்டாகும். பாத்துப் பிடிங்கடா!"

பெட்டியைப் பின்னுக்கு இழுத்து எடுத்து, மூட்டை ஏற்றும் கப்பிக் கயிற்றில் கட்டி, மாடி ஜன்னல் வழியாக ஏற்றிக் கொடுத்தார்கள்.

நாதஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு கல்யாண சிடியைப் போட்டேன். செல்லம் வெறுங்காலுடன் நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன்... இன்னும் கொஞ்சம். தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நிறுத்தப் போனேன்.

"இருங்க" என்றாள்.

அவள் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தன. ஒரு அடி பிசகவில்லை.

அதற்குள் கீழே இருந்து கூச்சல். "சாரே! தலையிலே மொத்தம் சுக்குப் பொடி!"

நான் பயந்து இறங்கி ஓடினேன். பரீத் இக்கா தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, "நாங்க சாயா குடிக்கப் போற நேரம் பாட்டு வெச்சோ. சேச்சி கேக்கட்டே" என்றார்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாலை சாயா நேரத்தில் அவர்கள் கண்ணாடி கிளாசோடு முற்றத்தில் உட்காருவார்கள், மேலே தவில் தொடங்கும். பாட்டு முடிந்ததும் பரீத் இக்கா உள்ளே வந்து, மூங்கில் கழியால் கிடங்கின் கூரைப் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். செல்லத்துக்குத்தான் முதலில் தெரியும். "இக்கா இன்னொண்ணு கேக்கறார்" என்பாள்.

இப்போது கிடங்கு இல்லை. அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். பரீத் இக்காவும் போய்விட்டார். செல்லத்துக்கு முட்டிவலி, படி ஏற முடியாது. பின்கட்டில் கீழ் அறைக்கு வந்துவிட்டோம், டைல்ஸ் தரை. மேலே இருந்த ஸ்பீக்கரின் ஓரம் மக்கி உதிர்ந்துவிட்டது.

காக்கநாட்டில் வேலை பார்க்கும் மகன், "எதுக்குப்பா கஷ்டம்?" என்று ஒரு புது சப்வூஃபர் வாங்கி அனுப்பினான். சின்னது, அழகானது, போனிலேயே எல்லாம் செய்யலாம். நான் செய்ததைவிட எத்தனையோ மேல், அதைச் சொல்லத்தான் வேண்டும். அதே தவிலைப் போட்டேன். செல்லம் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்... காத்திருந்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

நான் அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பழைய பெட்டியைப் பிரித்தேன். பலகை பலகையாக இறக்கியபோது படி எந்தத் தகராறும் செய்யவில்லை. பெரிய பலகையின் அடியில் நான்கு ஓரமும் சட்டம் அடித்து, உள்ளே கூடாக ஒரு நீள மணை செய்தேன். ஆணி சில வளைந்தன. ஒரு முனையில் புது சப்வூஃபரை வைத்தேன். மறுமுனையில் செல்லத்தின் கால்.

தவில் தொடங்கியது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசைந்தன.

பாட்டு முடிந்தது. வெளியே காபிக் கடையில் யாரோ இங்கிலீஷில் சிரிக்கும் சத்தம். கழி தட்ட ஆளில்லை. நான் போனைக் கீழே வைக்கப் போனேன்...

செல்லம் என்னைப் பார்க்காமலே, குதிகாலால் பலகையை இரண்டு தட்டு தட்டினாள்.