எந்த வரேன்?

அமெரிக்காவின் எடிசன் நகரில் நிருபம் பௌமிக் வீட்டுக் கீழ்த்தள அறைக்கு நான் குடிபோன மறுநாள் காலை. கல்லூரிக்குக் கிளம்பும்போது, மரியாதையாக இருக்கட்டுமே என்று, தெரிந்த நாலு வங்காளச் சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டேன். "ஜாச்சி." போகிறேன் என்று அர்த்தம். கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள் வீட்டு அம்மாள் சுதபா.

"போறேன்னு சொல்லிட்டா ஒருத்தர் வெளியே கிளம்புவாங்க? வரேன்னு சொல்லுப்பா. ஆஷ்ச்சி. எங்க, சொல்லு."

சொன்னேன். இதே காரணத்துக்காக ஊரில் என் அம்மா என்னை எத்தனையோ முறை பஸ்ஸைத் தவறவிட வைத்திருக்கிறாள். அதனால் எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

ஆனால் அந்த வீட்டுப் பெண் ஜிம்லி, பேசக் கற்ற நாள் முதல் இதற்கு மல்லுக்கு நின்றவள். "நான் போகத்தானே போறேன்? எதுக்குப் பொய் சொல்லணும்?" என்பாள். வெளியே பள்ளிப் பேருந்து ஹாரன் அடிக்கும். சுதபா கதவை மறித்துக்கொண்டு நகரமாட்டாள். கார் ஓட்டும் உரிமம் கைக்கு வந்த பிறகுதான் ஜிம்லி வழிக்கு வந்தாள். சண்டைக்கு நேரமில்லை. எங்கே போனாலும், போனை வைத்தாலும், ஒரு "வரேன்மா" போட்டுவிட்டு ஓடினாள். சுதபா ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். வினை அங்கேதான் இருந்தது.

பிறகு நடந்தது, நான் அங்கே குடிபோவதற்கு முன்பு; அதை அம்மாவும் மகளும் ஆளுக்கொரு விதமாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரி மாதம், சனிக்கிழமை. பக்கத்து ஊர் நூலகத்தில் ஜிம்லிக்குப் பகுதிநேர வேலை. ராத்திரி வரும் என்று சொன்ன பனி மதியமே கொட்டத் தொடங்கிவிட்டது. போன குளிர்காலத்தில் ஹால்தார் வீட்டுப் பையனின் கார் பனியில் சறுக்கியது. இன்னும் அவன் கோலூன்றித்தான் நடக்கிறான். சுதபாவுக்கு அன்று முழுக்க அவன் முகம்தான்.

கடுகெண்ணெயில் இலிஷ் மீன் பொரிந்துகொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. தலைக்கு மேல் புகைபோக்கி விசிறி பேயாய் இரைந்தது.

"மா, நூலகத்தை மூடிட்டாங்க... பனி... வீட்டுல..."

"என்னது? சாப்பிட்டியா?"

"...சரிமா, வரேன்."

வைத்துவிட்டாள். நூலகம் மூடியாயிற்று, வீட்டுக்கு வருகிறாள் என்று சுதபா புரிந்துகொண்டாள். சினையுள்ள வயிற்றுத் துண்டை மகளுக்கென்று தனியே எடுத்து வைத்தாள். சோறு வைத்தாள். சோறு ஆறியது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ஜன்னலில் தெரிந்த ஒவ்வொரு விளக்கொளியும் வீட்டைத் தாண்டிப் போனது.

மத்தியானத் தூக்கத்திலிருந்து நிருபம் எழுந்து வந்தார்.

"இன்னும் வரலைங்க."

"மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டுன்னு நீதானே அவ உயிரை வாங்கினே? மெதுவா வருவா."

"இவ்வளவு நேரத்துல நடந்தே வந்திருக்கலாம்!"

நூலகத்துக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வைத்ததும் அது அலறியது. சுதபா பாய்ந்து எடுத்தாள். பேசியது சரஸ்வதி பூஜைக் குழுவின் பூலாதி.

"சுதபா, இந்த வருஷம் பூஜைக்குக் கிச்சடி யாரு? போன தடவை ஷுக்லா பண்ணினாளே, அதை வச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்."

"பூலாதி, ஜிம்லி இன்னும் வரலை. லைனை விடுங்க."

"ஐயையோ, இந்தப் பனியிலயா? ஹால்தார் பையனும் இப்படித்தான் அன்னிக்கி..."

பெரியவர் என்றும் பாராமல் சுதபா போனை அறைந்து வைத்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஜிம்லி கூப்பிட்டிருந்தால்?

நிருபம் கனத்த கோட்டை மாட்டினார். கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் குரங்குக் குல்லாயைத் தலையில் இழுத்துவிட்டார். பனி வாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"நீங்களும் கிளம்பிட்டா நான் ரெண்டு பேருக்கும் வழி பார்த்துக்கிட்டு உக்காரணுமா?"

"சும்மா இருக்கச் சொல்றியா? நான் போறேன். வழியை விடு!"

கதவு சாத்திக்கொண்டது. அவர் சொன்ன சொல் அதற்கப்புறம்தான் சுதபாவுக்கு உறைத்தது. வெறுங்காலோடு பனியில் இறங்கி ஓடினாள். கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

கால் மரத்துப்போய் உள்ளே வந்தபோது போன் அடித்தது.

"மா, எனக்குப் பூனை முடி ஒத்துக்குமா? மார்கரெட் கேக்கிறாங்க."

"எங்கடி இருக்கே?"

"என்கூட நூலகத்துல வேலை பாக்கிற மார்கரெட் வீட்டுலதான். அதான் அப்பவே சொன்னேனே? காரை நூலகத்துலயே விட்டாச்சு, ராத்திரி அவங்க வீட்டுல தங்கறேன்னு."

"வரேன்னு சொன்னியேடி!"

"அது போனை வைக்கிறதுக்குச் சொல்ற வரேன்மா! நீதானே அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தே?"

வாசல் பூட்ஸுகளுக்கு நடுவே சுதபா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "உன் பாபா உன்னைத் தேடிப் போயிருக்காருடி" என்றாள்.

சின்னக் குரலில் ஜிம்லி கேட்டாள்.

"பாபா என்ன சொல்லிட்டுப் போனாரு?"

போகிறேன் என்று சொல்வதில் என்ன தப்பு என்று வருஷக்கணக்காக வாதாடிய பெண்தான் கேட்கிறாள்.

"வரேன்னுதான் சொன்னாரு" என்றாள் சுதபா.

அதன்பிறகு அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டிய பிறகு, தெருவில் ஒரு குரங்குக் குல்லாய் தனியாக நடந்து வந்தது. தேவாலயத்துத் திருப்பத்தில் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். மீசையெல்லாம் வெள்ளை. மகள் பத்திரமாக இருக்கும் செய்தியைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினாள் சுதபா. கதவை மட்டும் திறக்கவில்லை.

"முதல்ல வரேன்னு சொல்லுங்க."

"வந்துட்டேனே! இன்னும் என்ன வரேன்?"

"சொல்லுங்க."

பனியில் நின்றபடி அவர் சொன்னார். சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

இப்போது நிருபம் ஓய்வுபெற்றுவிட்டார். இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஜிம்லி சியாட்டிலில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். பேச்சு முடிந்து அவள் "வரேன்மா" என்றதும், "எந்த வரேன்?" என்று சுதபா கேட்காமல் விடுவதில்லை.

"போனை வைக்கிற வரேன்மா."

கடைசியாக அவள் வீட்டுக்கு வந்தது, போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துத் துர்கா பூஜைக்கு.