‘இன்னாத்துல சார்?’ என்று கேட்ட தாமஸ்

போன செவ்வாய்க்கிழமை திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கியபோது சுவரைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை கூடக் காயவில்லை. முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘தண்ணி தாமஸ்’ என்று போட்டிருந்தார்கள். பாசத்தில்தான் போட்டிருப்பார்கள், பட்டப்பெயர் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் செத்தது யாரென்றே தெரியாது. ஆனாலும் அதன் எதிரில் என்னால் நிற்க முடியவில்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எர்ணாவூர் காகித ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆலை மூடியதும் நாம் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். சவுக்கு மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துக் கூழாக்கும் கொப்பரை தாமஸின் பொறுப்பில் இருந்தது. நான் ஆய்வகத்தில் கெமிஸ்ட். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வெந்துவிட்டதா என்று நான் சோதித்துச் சொல்வதற்குள் அவர் மூக்காலேயே சொல்லிவிடுவார். அது சரியாகவும் இருக்கும், எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

மரத்தில் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். அதைக் கரைத்து நீக்கினால்தான் காகிதம். காஸ்டிக்கில் கரைத்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர் கால்வாய் வழியே தாமஸின் குப்பத்துப் பக்கம்தான் கடலில் விழுந்தது. காஸ்டிக்குக்குப் பதிலாக எரிசாராயமும் நீரும் கலந்து வேகவைக்கலாம், சாராயத்தை வடித்து மறுபடி உபயோகிக்கலாம் என்று நான் படித்திருந்தேன். முதலாளியிடம் மன்றாடி, சின்னக் கலனில் ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி வாங்கினேன். என்னைவிடத் தாமஸ்தான் பரபரத்தார். “இந்தக் கறுப்புத் தண்ணி நின்னுச்சுன்னா எங்க வூட்டாண்டயே வலை போடலாம் சார்” என்றார்.

சோதனை நடந்த அன்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாராயத்தில் வேகும்போது பழைய நாற்றம் இல்லை. மூக்குக்கு வேலை இல்லாமல் கலனைச் சுற்றிச்சுற்றி வந்தார். நான் எழுதிக்கொடுத்த செய்முறைத் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். கடைசி வரி ‘நன்றாகக் கழுவவும்’. அதில் விரலை வைத்து, “கழுவுறதுன்னா இன்னாத்துல சார்?” என்றார்.

“தண்ணியிலதான். பின்னே பன்னீர்லயா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்தார்.

வெளிர் நிறமாக இறங்கிய கூழ் எங்கள் கண்ணெதிரே பழுப்பேறியது. அதில் செய்த தாள், சாயங்காலம் முதலாளி மடித்ததும் உடைந்தது. யார் கழுவியது என்று கேட்டார். “நான்தான்” என்றார் தாமஸ். சாராயம் தெறித்து அவர் சட்டையெல்லாம் வாடை. குடித்திருந்தாயா என்று முதலாளி எல்லார் எதிரிலும் கேட்டார். ராயபுரம் மாதா கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்ட மனுஷன் அவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ‘தண்ணி தாமஸ்’ ஆகிவிட்டார்.

மறுநாள் காலை எனக்கு உறைத்தது. சாராயத்தில் கரைந்திருக்கும் லிக்னின், தண்ணீர் பட்டால் பிரிந்து நாரிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். முதலில் புதுச் சாராயத்தில் அலசிவிட்டுத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். வேகவைத்து மிஞ்சிய சாராயத்திலிருந்து லிக்னினைத் தனியே பிரிக்கத் தண்ணீர் ஊற்றலாம் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதியிருந்தவனும் நான்தான். ஓடிப்போய்த் தாமஸிடம் சொன்னேன். முதலாளியிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வாணாம் சார். உன்னிய அனுப்பிட்டான்னா இத்த மறுபடி யாரு செய்வாங்க? நீ இருந்து இன்னொருவாட்டி கேளு” என்றார்.

நான் முதலாளியிடம் கேட்கவே இல்லை. வேலை போய்விடும் என்ற பயம். பார்க்கும்போதெல்லாம், “கேட்டியா சார்?” என்பார். நல்ல நேரம் பார்க்கிறேன் என்பேன். ஆலை மூடும்வரை எனக்கு அந்த நல்ல நேரம் வரவில்லை, கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஸ்டேஷனிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரோசி என்னை வாசலுக்குத் தனியே அழைத்தார். “கூட இருந்தவன் நீ, நெசத்த சொல்லு சார். அன்னிக்கி குடிச்சிருந்தாரா? இல்லன்னு என் தலை மேல அடிச்சி சத்தியம் பண்ணாரு. சட்டையில வாடை அடிச்சிச்சி, நான் நம்பல.”

முழுவதையும் சொன்னேன். ரோசி அழவில்லை. “இத்தினி வருசம் இதே ஊர்லதானே இருந்த” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது வேறொரு கம்பெனியில் செய்முறைத் தாள்கள் எழுதுகிறேன். ‘கழுவவும்’ என்று எழுதினால் அதன் பக்கத்தில் எதில் என்று எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை. தாமஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. அவர் சரியாகத்தான் கேட்டார். அவரை இனி அந்தப் பட்டப்பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள் தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: தாமஸ் அன்று குடிக்கவில்லை. தண்ணீரில் கழுவச் சொன்னது நான்.