இன்னொரு ஏடிவியின் கார்புரேட்டர்

மெக்கானிக் தொழிலில் பாதி நாள் ரிப்பேருக்குப் போகும், மீதி நாள் வண்டிக்காரர் சொல்லும் யோசனைகளைக் கேட்பதற்குப் போகும். கிரீஸ் கையோடு நின்று "சரி அண்ணே" என்று தலையாட்டிய சக பாவிகளுக்கு இது புதிதல்ல. திற்பரப்பு ரோட்டில் என் பட்டறை. 2011 வாக்கில், ரப்பர் நல்ல விலைக்குப் போனபோது, வின்சென்ட் அண்ணன் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

பொருந்தாத வாய்

வின்சென்ட் அண்ணன் சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தவர். அவருடைய ரப்பர் தோட்டம் செங்குத்தான சரிவில் இருக்கிறது. கீழே வெட்டுகிற ரப்பர் பாலை உறைவதற்குள் மேலே ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகக் கொச்சியில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து ஓய்ந்துபோன ஏடிவி ஒன்றை வாங்கினார். நாலு சக்கர பைக் என்றால் உங்களுக்குப் புரியும். தோட்டத்துக்கு வந்த வேகத்தில், எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் அதன் கார்புரேட்டர் விரிசல் விட்டது.

அந்தக் கம்பெனி சாமான் எங்கும் கிடைக்கவில்லை. களியக்காவிளையில் பழைய சாமான் கடையில் வேறொரு ஏடிவியின் கார்புரேட்டரைப் பிடித்து வந்து என் பெஞ்சில் வைத்தார். வாய் பெரிது, போல்ட் துளை வேறு, ஆக்சிலேட்டர் கேபிள் வருகிற பக்கமும் வேறு. எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "ரெண்டு வண்டிக்கும் வீலு நாலுதானே மக்கா."

சொந்தத் தோட்டத்துச் சரக்கு

லேத்தில் அலுமினியத் தகடு கடைந்து துளைகளைச் சரிக்கட்டினேன். கேபிளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் மட்டும் பாக்கி. நாகர்கோவிலில் கேட்டுப் பார்க்கலாம் என்றதும் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரப்பர் தோட்டக்காரன் கடையில் போய் ரப்பர் வாங்குவதா? தன் தோட்டத்து ரப்பர் ஷீட்டையே தூக்கிக்கொண்டு, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் கடைக்குப் போனார், அச்சில் வைத்து வேகவைத்துக் குழாயாகக் கொண்டுவந்தார். பெட்ரோலுக்கு நம்ம ரப்பர் நிற்காது என்று சொல்லிப் பார்த்தேன். பாழாய்ப்போனது, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியும் விட்டது.

அந்த வாரமே பால் கேன்களோடு பாதி மேட்டில் வண்டி நின்றது. போய்ப் பார்த்தால், குழாய் பெட்ரோலைக் குடித்து உளுந்துவடையாக ஊதிக் கிடக்கிறது, கார்புரேட்டர் தொங்குகிறது. கேனில் இருந்த பாலெல்லாம் கட்டியாகிவிட்டது. ஷெட்டிலிருந்து இறங்கி வந்த அண்ணனின் மனைவி ரோஸ்லி அக்கா, கேனையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ரப்பரை வண்டியில ஏத்தச் சொன்னா, எஞ்சினுக்குள்ள ஏத்தி வச்சிருக்கியளே."

அக்கா தனியாக வந்தது

மறுநாள் அக்கா பட்டறைக்கு வந்தார். வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வாங்கும்போதே வேண்டாம் என்று சண்டை போட்டவர் அவர். ஸ்டூலை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை. தோட்டம் தனக்குச் சரிப்படாது என்று சொல்லி, அண்ணன் மறுபடி சவுதி விசாவுக்கு ஆள் விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம். நான் சுத்தமாக இருந்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார்: "வண்டி ஓடல்லன்னா அவிய போயிருவாவ, தம்பி. இவ்வளவு காலமும் நான் போனுலதான் குடும்பம் நடத்துனேன். எப்படியாவது ஓட வச்சுக் குடு."

மேட்டுக்கு மேலே

அதற்குப் பிறகு அந்த வண்டியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. பெட்ரோல் தாங்கும் குழாய் நாகர்கோவிலிலேயே கிடைத்தது. இந்த முறை அண்ணனே காசை எண்ணிக் கொடுத்தார். அடுத்த தொல்லை, பெட்ரோல் வருகிற ஜெட்டின் துளை இந்த எஞ்சினுக்குப் பெரிது. ஈயம் வைத்து அடைத்து, மெல்லிய கம்பியால் திரும்பத் துளைத்துப் பார்த்தேன். பெட்ரோல் கூடினால் கரும்புகை, குறைந்தால் மேட்டில் திணறல். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பட்டறையில் மற்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

ஒரு காலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு அண்ணன் ஏறினார். நான் பின்னாலேயே நடந்தேன். பாதி மேட்டில் வண்டி ஒருமுறை இருமியது. பிறகு நிற்காமல் ஏறி ஷெட் வாசலில் போய் நின்றது. அண்ணன் இறங்காமல், பாராட்டை எதிர்பார்த்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்துட்டு இருக்காம, பாலு உறையதுக்கு முன்ன எறக்குங்க."

அண்ணன் இங்கேயே ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த வண்டி இப்போதும் இரண்டு வண்டிக்கான பெட்ரோலைக் குடிக்கிறது, ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லாத ஒரே வாடிக்கையாளர் ரோஸ்லி அக்காதான்.