சட்டைப் பையில் மூன்று ஃபியூஸ் கட்டை

காவேரிப்பட்டினம் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வயரிங் செய்தவர்களில் கோவிந்தப்பனுக்கு இணை கோவிந்தப்பன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஓசூரில் கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போய், அங்கேயே கம்பி இழுக்கப் பழகி, நாற்பது வயதுக்குள் ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி ஆனவர். படித்தவர்கள் போட்டுத் தரும் படத்தைத் தலைகீழாகப் பிடித்தே தப்புக் கண்டுபிடிப்பேன் என்பார். அது பொய்யும் இல்லை.

2008ஆம் வருஷத்து மாங்காய் சீசனில், அவர் வயரிங்கைக் கவனித்துவந்த ஆலை ஒன்றுக்கு வந்த மின் ஆய்வாளர் ஒரே ஒரு குறைதான் சொன்னார். கூழ் பிழியும் மெஷினின் சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மெஷினில் கை விடுகிறவன் கண்ணுக்கு அது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அணைத்துவிட்டுப் பூட்டுப் போட வழி வேண்டும், அதுதான் விதி என்றார். தண்ணீர் தெறிக்கும் என்று அதைத் தனி அறையில் வைத்தவரே கோவிந்தப்பன்தான். அவர் சிரித்தார்.

"ஃபியூஸ் கட்டய புடுங்கி என் சட்டப் பையில போட்டுக்குவேன் சார். என்னய மீறி கரண்டு எப்பிடி வரும்?"

ஆய்வாளர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மதியம் மின்வெட்டு. எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். மெஷினுக்குள் ஒரு போல்ட் ஆடுகிறதென்று கோவிந்தப்பன் சுவிட்ச் அறைக்குப் போய், மூன்று ஃபேஸுக்குமான மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து, உள்ளே சுழன்று கூழைப் பிழியும் துடுப்பைக் கொஞ்சம் திருப்பி, சல்லடைக்கும் துடுப்புக்கும் நடுவே தோள் வரை கையை விட்டார். துடுப்பு நழுவிக் கைமேல் சாய்ந்தது. அதை நகர்த்தாமல் கை வெளியே வராது. சரி, போல்ட்டை முறுக்கிவிட்டு எடுத்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டார்.

அப்போது கரண்ட் வந்தது. கூடத்து விளக்கெல்லாம் எரிந்தன. சுவரின் மேல் ஓட்டை வழியாக அந்த அறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஃபியூஸ் கட்டை பெட்டியில் உட்காரும் சத்தம். அதை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

பையைத் தொட்டுப் பார்த்தார். மூன்றும் இருந்தன. இரண்டாவது 'டக்'. அப்போதுதான் புரிந்தது. ஆலை முழுக்க ஒரே அளவுக் கட்டை போட்டவர் அவர்தான். அவசரத்துக்கு ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போடலாம் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தார். யாரோ பக்கத்திலிருக்கும் தண்ணீர் பம்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

கத்த வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாவது 'டக்'.

அந்த அறையில் யாரோ பச்சைப் பொத்தானை அமுக்கியதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமியது. சுற்றவில்லை. துடுப்பு அவர் கைமேல் நடுங்கிக்கொண்டு நின்றது. எடுத்துப் போட்ட கட்டைகளில் ஒன்றில் கம்பி அறுந்திருக்கிறது, மூன்றில் இரண்டு ஃபேஸ்தான் வருகிறது. இப்படி உறுமி நிற்கும் மோட்டாரை லேசாகத் தள்ளிவிட்டால் போதும், தானே பிடித்துக்கொண்டு ஓடும். கையை இழுத்தால் துடுப்பு நகரும். கோவிந்தப்பன் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. மெஷின் ஓட்டும் முனிவேல், இவரைப் பார்க்காமல், மெஷினின் மறுகோடியில் மோட்டாரைத் துடுப்போடு இணைக்கும் பெல்ட் பக்கம் வந்து நின்றான். உறுமுகிற மோட்டாரை பெல்ட்டை இழுத்துக் கிளப்பிவிடுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். முனிவேலின் கை பெல்ட்டை நோக்கி நீண்டது.

"முனிவேலு." தன் குரல் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "பெல்ட்டத் தொடாத. கை உள்ள இருக்குது."

அவன் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சுவிட்ச் அறைக்கு ஓடினான். உறுமல் அடங்கியது. துடுப்பை விலக்கிக் கையை எடுத்த கோவிந்தப்பன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டில கட்டய காணோம்னு பம்புல இருந்து எடுத்துப் போட்டேங்க மேஸ்திரி. நீங்க சொன்ன வழிதானுங்களே," என்றான் முனிவேல். அவனுக்கும் உதடு வெளுத்திருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். மெஷினுக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் புகாத பெட்டியில் புது சுவிட்ச் இருந்தது. பூட்டுப் போட வளையமும் இருந்தது. நானே யோசித்து வைத்தேன் என்றார் கோவிந்தப்பன். சல்லடையைக் கழற்றிக் காட்டுங்கள் என்றார் ஆய்வாளர்.

கோவிந்தப்பன் சுவிட்சை அணைத்தார். பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். மூடியைத் திறந்தார். அதற்குமேல் கை போகவில்லை.

"முனிவேலு, நீ கழட்டுறா," என்று சொல்லிவிட்டு, அவன் கழற்றி முடிக்கும்வரை அந்த சுவிட்சுக்கு முதுகு கொடுத்து மறித்து நின்றுகொண்டார்.